ஒரு பெஞ்சு காலி

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பொன்னமராவதிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். கல்வி அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், கணக்கு வாத்தியார் எங்கள் வகுப்பையே எண்ணிப் பார்த்து ஒரு அல்ஜீப்ராக் கணக்கைத் தயாரித்து வைத்தார். பெஞ்சுக்கு நாலு பேர் உட்கார்ந்தால் ஆறு பேருக்கு இடமிருக்காது. ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒரு பெஞ்சு காலி. பெஞ்சு எத்தனை, பிள்ளைகள் எத்தனை?

அதிகாரி வந்ததும், அவர் முன்னால் கணக்குப் போட வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். பெஞ்சுகளை எக்ஸ் என்று வைத்தேன். நாலு எக்ஸோடு ஆறைக் கூட்டினாலும், ஐந்து எக்ஸில் ஐந்தைக் கழித்தாலும் ஒன்றுதான். பதினொரு பெஞ்சு, ஐம்பது பிள்ளைகள்.

அதிகாரிக்கு சந்தோஷம். வகுப்பையும் எண்ணினார். அதே பதினொன்று, அதே ஐம்பது.

"அப்ப காலி பெஞ்சு எங்க?"

அது இல்லை. ஒன்பது பெஞ்சில் பையன்கள் ஐந்தைந்து பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரப் பெஞ்சில் பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். கடைசிப் பெஞ்சில் சேரியிலிருந்து வந்த பையன்கள் இரண்டு பேர்.

"மூணும் ரெண்டும் அஞ்சு" என்றார் அதிகாரி. "இவங்க ஒண்ணா உக்காந்தா ஒரு பெஞ்சு மிச்சம். பக்கத்து வகுப்புல தரையில உக்காந்திருக்காங்களே, அங்க போட்டுறலாம்."

விடை சரிதானே என்று, என் இடத்துக்குத் திரும்பியிருந்த நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். பக்கத்திலிருந்தவள் என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். கடைசிப் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். வாத்தியார் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "கணக்கு சரிங்க. ஊர்ல கேட்டா நாங்க என்னங்க சொல்றது?"

அதிகாரி யோசித்தார். சமத்துவம் பற்றி அன்று காலையில்தான் பிரார்த்தனைக் கூட்டத்தில் நெடுநேரம் பேசியிருந்தார். மத்தியானச் சாப்பாடு ஊர்ப் பெரியவர் வீட்டில் என்பதும் அவருக்குத் தெரியும்.

"புதுசா ஒரு பெஞ்சு வாங்கிக்கங்க" என்றார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. "நீ எதுக்குடி நகந்த?" என்று கேட்டாள் ஆத்தா.

"விடை அப்படித்தான் வந்துச்சு" என்றேன்.

அடுத்த வாரம் வாத்தியார் அதே கணக்கை மறுபடி போட்டார், பிள்ளைகளுக்குப் பதில் மாம்பழம், பெஞ்சுக்குப் பதில் கூடை. மாம்பழங்கள் சொன்ன கூடையில் சொன்னபடி உட்கார்ந்தன.

புதுப் பெஞ்சும் வந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில், அவரைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார என்று போட்டார்கள். பக்கத்து வகுப்பு தரையிலேயே படித்துத் தேறியது.