அவங்களைப் பற்றி ஒரு நிமிஷம்

இதை எழுத நினைத்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், லண்டன் ரேடியோவைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறேன் என்று கூச்சம். முருகன் துணை என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த ரேடியோவில் வரும் கேள்வி பதில் போட்டிகள் என்றால் உயிர். ஈரோட்டில் இருந்தவரை கரகரப்போடு கேட்பாங்க. அமெரிக்காவில் எடிசன் ஊருக்கு வந்தபின் போனிலேயே தெளிவாக வந்தது. மளிகைக்குக் காரில் போகும்போதெல்லாம் அதுதான். எனக்கு இங்கிலீஷ் ஓடாது, அவங்கதான் சொல்லுவாங்க. யுத்த காலத்தில் லண்டனில் ஒரு கூட்டம், நியூயார்க்கில் ஒரு கூட்டம், நடுவில் கடலை வைத்துக்கொண்டு ரேடியோவிலேயே போட்டி போட்டார்களாம். அப்புறம் மனசில் நினைத்த பொருளை இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்கிற ஆட்டம். அதற்கும் பின்னால் வந்ததுதான் அவங்களுக்கு ரொம்பப் பிடித்தது. கொடுத்த தலைப்பில் ஒரு நிமிஷம் பேசணும். தயங்கக் கூடாது, சொன்ன வார்த்தை திரும்ப வரக் கூடாது, பேச்சு விலகக் கூடாது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு நாங்களும் ஆடுவோம். மைக்ரோவேவில் டைமர் ஓடும். டம்ளரும் கரண்டியுமாக மகள்தான் நடுவர், தப்பு வந்தால் தட்டிவிடுவாள். ரசம், டிராஃபிக், பனி, எது கொடுத்தாலும் சமாளிப்பேன். 'அப்பா' என்று கொடுத்தால் போச்சு. வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்கிறதில்லை.

"அவங்க ஆபீஸ் போவாங்க, அவங்க..."

டங்.

"ரிபிட்டிஷன்மா. பேரைச் சொல்லிடு, ஜெயிச்சிடலாம்."

"நான் தோத்தே போறேன், போடி."

"என்னைப் பத்திப் பேச ஒரு நிமிஷத்துக்குக்கூடவா சரக்கு இல்ல?" என்று அவங்க சிரிப்பாங்க.

"ஒரு நாள் பேசி முடிக்கிறேன், இருந்து கேளுங்க" என்பேன்.

இருக்கவில்லை. சாமி கூப்பிட்டுக்கொண்டார். மகள் இப்போது குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் இருக்கிறாள். இந்த வருஷம் திதியன்று வீடியோ காலில் வந்தாள். கையில் டம்ளர்.

"என் பசங்க தாத்தாவைப் பார்த்ததே இல்லம்மா. ஒரு நிமிஷம் பேசு. டாபிக், அப்பா."

"அவங்க முருகான்னுதான் கண்ணைத் திறப்பாங்க. அவங்களுக்கு ரசம் கொதிச்சிடக் கூடாது. வாசல்ல பனி தள்ளிட்டு வந்ததும், அவங்க சில்லுனு இருக்கிற கையை வேணும்னே என் கழுத்துல வைப்பாங்க..."

டங் வரும், வரும் என்று காதை வைத்துக்கொண்டே பேசினேன். வந்தால் கூடவே அந்தச் சிரிப்பும் கேட்கும் போல ஓர் ஆசை. வரவில்லை. மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"நிமிஷம் எப்பவோ முடிஞ்சிடுச்சும்மா. நீ பேசு."

பேசி முடித்துவிட்டேன். கேட்கத்தான் அவங்க இல்லை.

இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொன்னால், எழுதியபடியே சொல்லுங்கள். 'அவங்க' நிறைய இருக்கிறதே என்று ஒன்றைக்கூட எடுத்துவிடாதீர்கள்.