நுரையை வழித்தவள்

1. மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த அல்புமின் தூளைச் சரியாக நிறுத்தேன்.
2. உப்புக் கரைசலை ஊற்றி, மூடியை இறுக்கி, பலமாகக் குலுக்கினேன்.
3. பாதிப் புட்டி நுரையானது.
4. நுரையைக் கரண்டியால் சுத்தமாக வழித்துக் கொட்டினேன். இதில் எனக்குப் பெருமை வேறு.
5. மிச்சத்தை ஸ்லைடுகளில் விட்டு, அதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை இட்டேன்.
6. இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடுகூடப் பச்சையாக ஜொலித்தது.

1984இல் மலேசியாவின் ஈப்போவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா என் ஸ்லைடுகளைப் பார்ப்பார். தேறினால் சாயமிடும் மேசை எனக்கு. தேறாவிட்டால் மறுபடி சிறுநீர்ப் புட்டிகள். சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பதுதான் அல்புமினின் வேலை. தூளோ இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

மூத்த டெக்னீஷியன் அண்ணன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி, தீபாவளிக்கு இன்னும் நாளு இருக்கு லா. அதுக்குள்ள வெளக்கு போட்டுட்ட?"

நடந்ததைச் சொன்னேன்.

"குலுக்குனியா? நுரை பொங்க டீ ஆத்தி தே தாரிக்கா போடுற? சரி, நுரைய ஏன் வழிச்ச?"

"நுரை இருந்தா ஷீட்டு கெட்டுரும்ண்ணே."

வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. என் அம்மா தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பள்ளி விடுமுறைகளில், தொட்டியில் ஊற்றிய ரப்பர் பாலின் நுரையை வழிப்பது என் வேலை. அமிலம் விட்டால் பால் ஷீட்டாக உறையும்; அதற்குமுன் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது.

அண்ணன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இங்க நுரையிலதான் சரக்கே போயிருச்சு. நீ சரக்கக் கொட்டிட்டுத் தண்ணிய வச்சிருக்க. பாவம் அந்த மாடு."

மறுநாள் அண்ணன் சொன்னபடி கடைசித் தூளைக் கரைசலின் மேலே மெதுவாகத் தூவினேன்.

"அடுத்து என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. கையக் கட்டிட்டு உக்காரு."

என் குறிப்பேட்டில் வரிசை எண் போட்டு 'சும்மா இருத்தல்' என்று எழுத வேண்டியதாயிற்று. அரைமணி நேரத்தில் தூள் தானாகவே அடங்கிக் கரைந்தது. நான்தான் அடங்கவில்லை; இரண்டு முறை கையை நீட்டி, இரண்டு முறையும் ஏச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை, இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு இருட்டாக இருந்தது. டாக்டரம்மா "ம்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

சாயமிடும் மேசை என்னுடையதாயிற்று. அல்புமினை மட்டும் அதன்பிறகும் அண்ணன் பார்க்கத்தான் கரைத்தேன்.