ஆணி தெரியாத கூரை

டங்கென்று ஒரு சத்தம். மேகம் விலகி வெயில் விழுந்ததும் எங்கள் கடைக்கூரை சோம்பல் முறிக்கும் சத்தம் அது. அதைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் இன்றும் வெளிச்சம் சட்டென்று மாறினால் என் காது தானாக மேலே போகிறது. கூரை விற்பது மற்ற வியாபாரம் போலல்ல. புடவை விற்றவருக்குப் புடவையோடு கவலையும் கடையை விட்டுப் போய்விடும். கூரை விற்றவருக்கோ, ஊரில் எங்கே மழை பெய்தாலும் தன் தலையில் பெய்வதுபோல இருக்கும். ஒழுகும் வீட்டில் வாளி வைத்துவிட்டுப் புரண்டு கிடந்தவர்களே, உங்களுக்குத் தகடு விற்றவளும் அந்த நேரத்தில் புரண்டுகொண்டுதான் கிடந்தாள்.

மேசைமேல் மூன்று கூரைகள்

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஹாஜா மைதீனுக்குத் தகடுக் கடை இருந்தது. முதலாளி என்ற பொருளில் எல்லோரும் அவரைத் தவ்கே என்றுதான் கூப்பிடுவோம். புதுவகைத் தகடுகளோடு ஆங்கிலத்தில் விளக்கப் புத்தகங்கள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் படித்து வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. கல்லூரியில் கவிதை படித்துவிட்டு வந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது.

ஊரில் அப்போது தெரிந்ததெல்லாம் ஆணி அடித்துப் பொருத்தும் நெளித்தகரம்தான். நாங்கள் விற்க முயன்றது வேறு. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் விளிம்பை நிமிர்த்தி, இரண்டையும் சேர்த்து மடிப்பது. தகட்டைப் பிடித்து வைக்கும் சிறு பட்டைகள் மடிப்புக்குள்ளே ஒளிந்திருக்கும். தகட்டில் ஒரு துளைகூட இருக்காது. மடிப்புவேலைக்காரர் வேலு, கையடக்க மாதிரிகள் மூன்று செய்து என் மேசையில் வைத்திருந்தார். ஒற்றை மடிப்பு: சீக்கிரம் முடியும், சரிவு நன்றாக இருந்தால் போதும். இரட்டை மடிப்பு: மடித்ததையே இன்னொரு முறை மடிப்பது, தண்ணீர் தயங்கித் தயங்கி ஓடும் தாழ்ந்த கூரைக்கும் தாங்கும். கட்டை மடிப்பு: இடையில் மரக்கட்டை, அதன்மேல் தொப்பிபோல ஒரு தகடு, பார்க்கக் கம்பீரம், தச்சருக்குப் பிடிக்கும், கறையானுக்கு அதைவிடப் பிடிக்கும்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மிளகாய் மில் செல்லையா, மூன்று மாதிரிகளையும் கவிழ்த்துப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிம்மா, ஆணி எங்கே?"

நாற்காலி

செல்லையாவின் மில் கூரை தாழ்வானது. அதற்கு இரட்டை மடிப்புதான் சரி என்று நான் பல நாள் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். வேலுவும் அவருடைய ஆட்களும் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மடித்து முடித்தார்கள். அந்த ஓசையில் ஒரு சந்தம் இருக்கும். நான் அதைக் கேட்டபடி மில் வாசலில் நின்றேன், பெருமையாக அல்ல, பயந்துபோய்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பெண் தகரம் விற்பதா என்று சிரம்பானில் இருந்த என் அண்ணனுக்கு ஒரே மனத்தாங்கல். வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து அண்ணியோடு இருக்கும்படி ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் சமையலறை ஜன்னல் எனக்குத் தெரியும். அதில் ஒரு சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தவ்கேயிடம் கேட்டேன். அவர் சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "டிசம்பர் மழை தாண்டட்டும் தங்கச்சி. மில்லு ஒழுகலேன்னா அந்த நாற்காலி உனக்கு. ஒழுகிச்சுன்னா, சிரம்பானுக்கு நானே ரயில் ஏத்தி விட்டுர்றேன்."

ஒப்பிட்டுப் பார்த்தவர்

துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். மாதிரிகளை வரிசையாக வைத்து, ஒற்றை மடிப்புக்குக் காற்று தாங்குமா, கட்டை மடிப்பில் கட்டை நனைந்தால் என்ன செய்வது, இரட்டை மடிப்பைப் பின்னால் பிரிக்க முடியுமா என்று கேட்பார். பிறகு விரலால் மடிப்பை வருடிப் பார்ப்பார். அவருக்காகவே நான் விளக்கப் புத்தகங்களைத் திரும்பப் படித்தேன். கல்லூரியில்கூட அவ்வளவு படித்ததில்லை.

கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்து, எதை எழுதிக்கொள்ளட்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மாதிரியை மெதுவாக மேசையில் வைத்தார். "மூணுமே நல்லாத்தான் இருக்கு மிஸ். வீடுதான் இன்னும் அமையலை."

மழை கேட்காத வீடு

ஃபேரர் பார்க் பக்கம் ஓர் அம்மாள் பழைய தகரத்தைப் பிரித்துவிட்டு எங்களிடம் ஒற்றை மடிப்புப் போட்டார். இந்தக் கூரைக்கு அடியில் முழுக்கப் பலகை பரப்ப வேண்டும். அதனால் மழைச்சத்தம் பாதிகூடக் கேட்காது. நான் அதை ஒரு நன்மையாகச் சொல்லித்தான் விற்றிருந்தேன். ஒரு வாரம் கழித்து, சொட்டச் சொட்ட ஒரு மூட்டைத் துணியோடு வந்து என் மேசைமேல் வைத்தார். மாதிரிகள் மூன்றும் நனைந்தன. வெளியே மழை பெய்வது தெரியாமல் உள்ளே உட்கார்ந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தாராம்.

ஒழுகியதா என்று பதறிப்போய்க் கேட்டேன். ஒரு சொட்டு இல்லை என்றார். பிறகு என்ன குறை என்றேன். "கொடியில துணி கிடக்கே. மழை வருதுன்னு சொல்ல எனக்கு ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுப்பீங்களா?"

நடக்கும் கூரை

நவம்பரில் செல்லையா முகம் வெளுத்து வந்தார். கூரை நகர்கிறதாம். காலையில் ஒரு பக்கம் டங், மதியம் இன்னொரு பக்கம் டங். மிளகாய் காயவைக்க வரும் பெண்கள் மேலே பேய் நடக்கிறது என்று சொல்லி உள்ளே வர மறுக்கிறார்களாம். வெயிலில் தகடு நீளும், மழையில் சுருங்கும், மடிப்புக்குள் அது வழுக்கிப் போய்வர இடம் விட்டிருக்கிறோம் என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார்; ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை, எங்கள் கடைக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மில் கூரையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிப்போடக் கூடாதா என்று கேட்டார்.

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேலு குவளையை வைக்காமலே பதில் சொன்னார்: "போய் வரட்டும் விடுங்கண்ணே. அசையாமக் கெடக்கிறது பொணம் மட்டுந்தான்."

டிசம்பர்

மழை பிடித்தது. விடாமல் பெய்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மேகம் கறுத்தால் கவிதை வரும் என்பார்கள். எனக்கு வந்தது மில் கூரையின் நினைவுதான். ஒரு காலை மில்லிலிருந்து ஆள் ஓடிவந்து, ஒழுகுகிறது என்றான். தவ்கே குடையை எடுத்தார். நானும் வேலுவும் கூடவே ஓடினோம். மில் தரையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரைத்து வைத்த மிளகாய் மூட்டைகள் அடியில் ஊறிப்போயிருந்தன. நான் அந்தச் சிவப்பைப் பார்த்தபடி நின்றேன். என் கண்ணில் சிரம்பான் சமையலறையின் சுவர்தான் தெரிந்தது.

மழை சற்று விட்டதும் வேலு ஏணியில் ஏறினார். பிறகு இறங்கிவந்து தவ்கேயின் உள்ளங்கையில் ஓர் ஆணியை வைத்தார். ரப்பர் வளையம் போட்ட கூரை ஆணி. தலையில் சந்தனமும் குங்குமமும் கரைந்தும் கரையாமலும் ஒட்டியிருந்தன. கூரை நெடுக வரிசை பிசகாமல் அப்படி அடித்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறது என்றார். தகடு நீளப் பார்த்திருக்கிறது, ஆணி விடவில்லை. துளைகள் எல்லாம் கிழிந்துவிட்டன. எல்லோரும் செல்லையாவைப் பார்த்தோம். நல்ல நேரம் பார்த்து, மைத்துனரோடு ஏறி, சாமி கும்பிட்டுவிட்டு அடித்ததை அவர் மறைக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க தவ்கே. உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு லா, கூரை மேலதான் இல்லை" என்றார்.

தவ்கே சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கிழிந்த தகடுகளை மாற்றிக் கொடுக்க வேலுவிடம் சொன்னார். கடைக்குத் திரும்பும் வழியில், குடைக்குள் இருந்த எனக்கும் நனைந்துகொண்டு வந்த வேலுவுக்கும் சேர்த்துப் பேசினார்: "ஒழுகினது தகடு இல்லை, ஆணி. அதனால நாற்காலி உனக்குத்தான் தங்கச்சி. ஆனா இனிமே எந்தக் கூரை போட்டாலும் ஓரத்து மரத்துல, கீழே நின்னாத் தெரியற மாதிரி, நாலு ஆணி அடிச்சு வைங்க. அது தகட்டைப் பிடிக்க வேணாம், ஆளைப் பிடிச்சாப் போதும்."

அப்படியே செய்தோம். அதன் பிறகு யாரும் ஆணி எங்கே என்று கேட்கவில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதாவது, இடி கேட்டவுடன் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கும் ஒருத்தி எவ்வளவு உட்கார முடியுமோ அவ்வளவு. அறுபதுகளில் அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கின. கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். மில்லைக் கொடுத்துவிட்டுச் செல்லையா குவீன்ஸ்டவுனில் ஆறாவது மாடிக்குக் குடிபோனார். அவர் தலைக்கு மேல் இருந்தது ஏழாவது மாடிக்காரரின் தரை.