சவர் தண்ணீரும் ஒரு புள்ளியும்

இந்த ஒல்லாந்து நாட்டில் குழாய்த் தண்ணீருக்கு எந்த ருசியும் இல்லை. மூன்று வருடமாகக் குடிக்கிறேன், நாக்கு இன்னும் எதையோ தேடுகிறது. நான் வேலை செய்வதே நிலத்தடி நீர் ஆய்வுகூடத்தில் என்பதால் இதை வெளியே சொல்லவும் முடியாது, சிரிப்பார்கள்.

போன கிழமை எங்கள் பேராசிரியர் கதவளவு தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். உலகத்தில் உவர்நீரை ஆராய்கிறவர்கள் எல்லோரும் அதில் புள்ளிகள். கட்டுரைகளில் ஒரே சொற்களை எழுதுகிறவர்களைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. புள்ளி உள்ளவர்களுக்கு இனிச் சஞ்சிகைகள் இலவசமாகப் போகும், மாநாட்டு அழைப்பும் போகும். என் புள்ளி ஒல்லாந்தர் நடுவே இருந்தது. சொல்லைப் பகிர்ந்தால் உறவு என்றால், கக்கூசு என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்த இந்த ஒல்லாந்தரோடு நாங்கள் என்றைக்கோ உறவுதான். குகனைத் தேடினேன். இல்லை.

குகன் என்னோடு படித்தவன். எங்கள் ஊர்ப் பக்கம், சுன்னாகத்தைச் சுற்றி வெங்காயத் தோட்டக் கிணறுகளை வருடக்கணக்காக அளந்தவன் அவன். சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு கூடப் போனவன் மட்டுமே நான். நல்ல தண்ணீர் உப்பாகுமுன் இலேசாகக் கரிக்கும், அதைத்தான் ஊரில் சவர் என்பார்கள். அந்த நேரத்தில் இறைப்பைக் குறைத்தால் கிணறு தப்பும் என்று அவன் கண்டுபிடித்தான். தோட்டக்காரர் வாசிக்க வேண்டுமென்று தமிழில் எழுதினான்.

இங்கே வந்ததும் நான் அதை ஆங்கிலத்தில் ஆக்கி என் பெயரில் வெளியிட்டேன். சவருக்குச் சொல் கிடைக்காமல் 'சலைன்', அதாவது உப்பு, என்று போட்டேன். அவன் பெயரை நன்றி சொல்லும் வரியில் போட்டு, அவனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். போர்த் தடையால் மின்சாரமும் தாளும் இல்லாத ஊரிலிருந்து, பழைய கொப்பித்தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது.

"மச்சான், சவர் வேறை, உப்பு வேறை. உப்பெண்டு எழுதினால் கிணத்தை மூடச் சொல்லுவாங்கள். அதை மட்டும் திருத்திவிடு."

தன் பெயரைப் பற்றி ஒரு வரியும் அவன் எழுதவில்லை. நான் எதையும் திருத்தவும் இல்லை.

பேராசிரியரிடம் என் நண்பன் ஏன் இதில் இல்லை என்று கேட்டேன். நண்பருடைய தமிழ்ச் சொற்கள் யாருடனும் பொருந்தவில்லை, ஆங்கிலத்தில் ஆக்கினால் புள்ளி வந்துவிடும் என்றார், இரக்கத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆக்கியாயிற்று. வந்த புள்ளி இதுதான்," என்று என் பெயரைக் காட்டினேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததே கூட. பேனாவை எடுத்தேன். புள்ளியின் இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் என் பெயர் இருந்தது, மற்றப் பக்கம் தமிழில் குகன் என்று அழுத்தி எழுதினேன். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைப் பார்த்தார்.

"உங்கள் கையொப்பமா?" என்று கேட்டார்.