மெஜஸ்டிக்கில் இறங்குகிறவர்களின் தியேட்டர்

பெங்களூரு ஆடுகோடி சிக்னலில் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது தியேட்டர் மேனேஜர் நாகராஜ் கைபேசியில் அழைத்தார். "சார், மேடம் போயிட்டாங்க. காலையில காபி குடிச்சிட்டு சாஞ்சவங்க, எழுந்திருக்கவே இல்ல" என்றார். அங்கேயே இறங்கி, மெஜஸ்டிக் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன். பாதி வழி போன பிறகுதான் மேடத்தின் வீடு பசவனகுடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. வசந்தா மேடம் என்றாலே எனக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தியேட்டர்தான்.

சினிமாக் கம்பெனிகள் நிறைந்த காந்தி நகரில் படம் வாங்கி விற்றுப் பிழைத்த எங்களில் பலருக்கு அவர் தியேட்டருக்கு வந்த கதை தெரியும். தியேட்டரை நடத்திவந்த அவர் கணவர் 1991இல் இறந்ததும் இடம் விலைக்கு வரும் என்றே பேசிக்கொண்டோம். மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துப் பெண், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், சினிமாவே அதிகம் பார்க்காதவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கணவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். விநியோகஸ்தர் ஒருவரின் பிரதிநிதியாக நான் ஒரு தமிழ்ப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்கப் போனேன்.

"படம் இருக்கட்டும் வாசு சார். இங்க லேடீஸ் டாய்லெட்டைப் பாத்திருக்கீங்களா?"

"நான் எப்படி மேடம் பாக்க முடியும்?"

"இப்ப யாரும் இல்ல. வாங்க, பாருங்க."

பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, விளக்கும் இல்லை. "மூணு மணி நேரம் ஒரு பொம்பளை அடக்கிட்டு உக்காந்திருக்கணும். உங்க ஹீரோ அழுதா என்ன, பாடினா என்ன, எப்ப முடியும்னுதான் அவளுக்கு இருக்கும்" என்றார். அதைக் கட்டி முடிக்கும்வரை தியேட்டரை மூடியே வைத்தார். என் படம் வேறு தியேட்டருக்குப் போயிற்று. எனக்கு மகா கோபம். அடுத்த படத்துக்கு, கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்த குடும்பங்கள் பெண்களும் குழந்தைகளுமாக வரிசையில் நின்றதைப் பார்த்த பிறகு கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இன்னொரு நாள் காலைக் காட்சியில் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் போட, டார்ச் அடிக்கும் ஊழியர் அவரை உலுக்கப் போனார். மேடம் தடுத்துவிட்டார். தூங்கியவரின் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகும் பிளாஸ்க் இருந்தது. "ராத்திரியெல்லாம் வராண்டாவுல உக்காந்திருப்பாரு. விடுங்க. இவங்களுக்கு முன்னாடி சீட் குடுங்க."

"இது தியேட்டரா, லாட்ஜா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த ஊர் நடுவுல காலை நீட்டி உக்கார ஒரு எடம் சொல்லுங்க சார். ஓட்டல்ல சாப்பிட்டதும் எழுந்திரும்பாங்க. பஸ் ஸ்டாண்டுல பெட்டிமேலதான் உக்காரணும்."

மாடிப்படிக்குக் கீழே பெட்டி, மூட்டைகளை வைக்க அவர் இடம் ஒதுக்கியது அதற்குப் பிறகுதான். சாயங்காலப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பகல் முழுவதும் ஊரில் அலையாமல் மேட்னி பார்த்தார்கள்.

பிறகு மால்கள் வந்தன. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடிபோன பிள்ளைகள் அங்கேயே படம் பார்த்தார்கள். மேடத்தின் தியேட்டரில் பால்கனி காலியாகக் கிடந்தது. பாதிப் பங்கு அவர் கணவரின் தம்பி ரகுவுக்கு. அவர் ஒருநாள் ஒரு பில்டரை அழைத்து வந்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"மேடம், சிட்டி நடுவுல இனிமே தியேட்டருக்கு ஃப்யூச்சரே இல்ல. ஜனங்க எல்லாம் வெளிய போயாச்சு" என்றார் பில்டர்.

"போனவங்க போகட்டும். ஊருக்குள்ள வர்றவங்க இன்னும் இங்கதானே வந்து இறங்குறாங்க?"

"அண்ணி, அவங்களை நம்பி எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?" என்றார் ரகு. குரலில் பகை இல்லை, களைப்புதான் இருந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க வாசு சார். என் மனசுக்காகச் சொல்லாதீங்க."

"இவ்வளவு பெரிய ஹால் இனிமே நிறையாது மேடம்" என்றேன்.

"அப்ப சின்னதா கட்டுவோம்" என்றார் மேடம். இடத்தைக் கொடுக்கச் சம்மதித்தார். அங்கே வரப்போகும் மாலின் தரைத்தளத்தில் சிறிய அரங்கு ஒன்று வேண்டும், அதன் கதவு நேராகத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாலுக்குள் வழி வைத்தால் அழகாக இருக்குமே என்றார் பில்டர். "அத்தனை கண்ணாடிக் கடையைத் தாண்டி வரணும்னா, செருப்பு தேஞ்சவன் வாசல்லயே நின்னுடுவான். ஆய்த்து, விடுங்க" என்றார் மேடம். முடிந்தது என்பதை அவர் "ஆய்த்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பழைய கட்டடத்தை இடித்த அன்று அவர் வரவில்லை. மறுநாள் போனில், "தூசி ரொம்பவா?" என்று மட்டும் கேட்டார்.

புது அரங்கு வெற்றியா என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். வார நாட்களில் பாதி நாற்காலிகள் காலிதான். சனி, ஞாயிறுகளில் விவேக் நகர், அல்சூர் குடும்பங்கள் வருகின்றன. மேடம் கணக்கைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. இடைவேளையில் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று தமிழிலும் கன்னடத்திலும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

மின் மயானத்தில் எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். ரகு தனியாக மரத்தடியில் நின்றார். இனி அந்த அரங்கை மூடிவிட அவருக்குத் தடையில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நாகராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரகுவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசு சார், வர்ற வெள்ளிக்கிழமைக்குப் படம் ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. கொடுத்தேன்.

ஊர் நடுவில் தியேட்டர்கள் இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது, தெரிந்ததாக அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. படம் எப்படிப் போகும் என்று மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். இப்போது விளக்கு அணைவதற்கு முன் ஒருமுறை திரும்பி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். வசந்தா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.