பத்து குண்டூசிகள்

எங்கள் அண்ணிக்குக் கோபமே வராது என்று வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். வராமல் என்ன? வந்த கோபத்தை ஒன்பது வருஷம் கெட்டுப்போகாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுவது அவள் வேலை. சின்னக் கத்தரியை நாளெல்லாம் அமுக்கி அமுக்கி, வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போயின. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அந்தச் சீட்டைப் படிக்கக்கூட இல்லை. மேஜையில் பத்து குண்டூசிகளைக் கொட்டி, நாற்பது பெண்கள் பார்க்க, "எடு பாக்கலாம்" என்றான்.

அண்ணியால் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

"என்னமா நடிக்கிறே! சினிமாவுல சேந்திருக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வரிசையில் இருந்த நானும்தான்.

ஓய்வு கிடைக்கவில்லை. இன்னும் ஏழு மாதம் வெட்டினாள். பிறகு கத்தரி தானாகக் கைநழுவி விழ ஆரம்பித்தது, வேலையும் போயிற்று. அந்தக் கையை வைத்துக்கொண்டே அக்குபிரஷர் கற்றாள். இப்போது இருவருக்கும் ஒரே பிசியோதெரபி நிலையத்தில் வேலை. நான் வாசலில் பெயர் பதிகிறேன். அண்ணி உள்ளே இடது கையால் அழுத்துகிறாள்.

போன மாதம் அந்தச் சூப்பர்வைசரே வந்து நின்றான், வலது கையை உதறிக்கொண்டு. அவனுக்கு எங்களைத் தெரியவில்லை. நாற்பது பேரில் யார் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்கப்போகிறது!

"அண்ணி, அவன்தான். துரத்திடவா?"

"உள்ள அனுப்பு."

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்தினாள். இரண்டு நிமிஷம் அழுத்தி, விட்டு, மறுபடி. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இது கூடமாட ஒத்தாசைதான் சார். ராத்திரி மணிக்கட்டுப் பட்டை கட்டணும், டாக்டரையும் பாக்கணும்."

மூன்றாவது வாரம் வாயெல்லாம் பல்லாக வந்தான். நிம்மதியாகத் தூங்குகிறானாம். பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். "உங்க கை இருக்கும்போது டாக்டர் எதுக்கும்மா?"

அண்ணி அவன் கட்டைவிரலின் அடிச்சதையைத் தடவிப் பார்த்தாள். வற்ற ஆரம்பித்திருந்தது. உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்க, வலி குறைந்த சந்தோஷத்தில் அவனுக்கு அது தெரியவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

"வாயைத் திறக்காதீங்க அண்ணி" என்றேன். "அழுத்திக்கிட்டே இருங்க. சுகமாத் தூங்கட்டும். கை தன்னால போகட்டும்."

மனதார அதைத்தான் விரும்பினேன். இப்போதும் அதற்கு வெட்கப்படவில்லை.

அண்ணி என் மேஜையிலிருந்த குண்டூசி டப்பாவை எடுத்தாள். "அன்னைக்கு நீயும்தான் சிரிச்சே" என்றாள்.

பத்து ஊசிகளை அவன் முன்னால் கொட்டினாள். கதவு திறந்தே இருந்தது. காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எடுங்க சார்."

ஒரு ஊசியை மேஜை முழுக்கத் துரத்தினான். நெற்றி வியர்த்தது. "முடியலம்மா."

"என்னமா நடிக்கிறீங்க!" என்றாள் அண்ணி.

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அண்ணி தன் வலது கையை அவன் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். கட்டைவிரலின் கீழே சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

"இன்னும் ஏழு மாசம் விட்டா இப்படி ஆயிடும். ஆபரேஷன் பண்ணணுமான்னு இன்னைக்கே டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க."

"என்னை மன்னிச்சிடும்மா..."

"மாட்டேன். உங்க கை நல்லாகணும். தினமும் நீங்க சட்டைப் பொத்தான் போடும்போது, அதைப் போட முடியாத என் கை உங்களுக்கு ஞாபகம் வரணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். சிதறிக் கிடந்த ஊசிகளை நான்தான் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அண்ணியின் வலது கையால் அது முடியாது.