பெருகாத மீன்

சின்யோராவின் தோட்டத்துக் கல்தொட்டியில் அந்த மூன்று மீன்களை விட்டது நான்தான். அவர் கேட்கவில்லை. காதோரம் ரீங்கரிக்கும் நுளம்புகளின் கடி தாங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு எண்பது வயது; வீட்டுக்கார அம்மாவை இங்கே சின்யோரா என்றுதான் அழைப்போம். பலேர்மோ நகரின் ஓரத்திலிருக்கும் அவருடைய வீட்டையும் எலுமிச்சை மரங்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. நகருக்குள் நான் குடியிருக்கும் சீசாப் பகுதியிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்துப் போவேன். மரங்களுக்கு நீர் பாய்ச்சக் கட்டிய அந்தத் தொட்டியில், விரல்கடை நீளத்தில், பக்கவாட்டில் கோடு விழுந்த சின்ன மீன்கள் இருந்தன. கணவர் உயிரோடு இருந்தபோது ஓர் ஓடையிலிருந்து கொண்டுவந்து விட்டவை. பலேர்மோ இருக்கும் இந்தத் தீவுக்கே சொந்தமான மீன்கள். அந்த ஓடை இப்போது வற்றிவிட்டது; மிச்சம் தன்னிடம் உள்ளவைதான் என்பார். தினமும் ஒரு சிட்டிகை இரை போடுவார்.

எங்கள் ஊரில் கிணறு இறைத்தால் திரும்ப நாலு மீனை விடுவது வழக்கம். தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகளை அவை தின்றுவிடும். அந்தப் பழக்கம்தான் என் கையைப் பிடித்து இழுத்தது. ஏற்கெனவே உள்ள பொடிகளை நான் ஒரு மீனாகவே மதிக்கவில்லை. மன்னாரில் வலை இழுத்தவன் அல்லவா, அந்தத் திமிர்.

கட்டணம் வாங்கித் தூண்டில் போடவிடும் குளம் ஒன்றில் எங்கள் கோயிலுக்கு வரும் பெடியன் ஒருவன் வேலை செய்தான். கிராப்பி என்ற மீனில் இரண்டு வகையைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு மீனை அங்கே விட்டிருந்தார்கள். அமெரிக்கச் சாதி, கெதியாக வளரும்.

"பயப்பிடாமல் கொண்டு போங்கோ அண்ணை," என்றான். "இது குஞ்சு பொரிச்சுப் பெருகாது."

"உண்மையாவோ?"

"ஓம், முதலாளியே சொன்னவர்."

அதையே நான் சின்யோராவிடம் ஒப்புவித்தேன். பெருகாத மீன், ஒரு தொந்தரவும் இல்லை என்றேன். அவர் என்னை நம்பினார்.

கோடையில் தண்ணீர் பாசியால் பச்சையாகிவிட்டது; உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நுளம்பு குறைந்ததுபோல் இருந்தது. சின்யோரா பாராட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

புரட்டாதியில் மேலே வந்தபோது பார்த்தால் மூன்றும் உள்ளங்கையை விடப் பெரிதாகியிருந்தன. ஒன்றைப் பொரித்துத் தருகிறேன் என்று வலையில் பிடித்தேன். குசினியில் சின்யோரா என் பக்கத்தில் நின்று எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் மீனின் வயிற்றைக் கீறினேன். உள்ளே மூன்று சின்ன மீன்கள் கிடந்தன. ஒன்றின் பக்கத்தில் கோடுகள் இன்னும் தெரிந்தன.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெருகுமா என்று கேட்டேனே தவிர, எதைத் தின்னும் என்று அந்தப் பெடியனிடம் நான் கேட்கவே இல்லை.

மற்ற இரண்டையும் உடனே பிடித்து அகற்றினேன். பிறகு, கோட்டு மீன் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியை வாளி வாளியாக இறைத்தேன். பின்னேரம் வரை ஆனது. சின்யோரா கதிரை போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். அடியில், கல் இடுக்கில், ஒரேயொரு கோட்டு மீன் துடித்தது. இரண்டு கையாலும் அள்ளி, கண்ணாடிப் போத்தலில் விட்டு அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இனி இதுவும் பெருகாது," என்றார்.